நூறு வீடு

புயல் கரையைத் தொடும் என்று சொன்ன நாளுக்கு முந்தின நாள் காலையில், லிங்கதுரையின் வீட்டு வாசலில் எண் நூறு என்று நின்றது. கதவு நிலைக்கு மேலே, தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, நல்ல பச்சை நிறத்தில். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அவர் தங்கை செல்வக்கனி, பையைத் தோளில் மாட்டியபடி அந்த எண்ணையே பார்த்து நின்றாள். 

நூறைப் பார்த்துப் பயந்த ஆள் அன்றைக்குத் தூத்துக்குடியில் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள். மற்றவர்களுக்கு அது கௌரவம். மின்கம்பங்களைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு ஓர் உப்புக்கலம் என்று வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாடிப்படிக்குக் கீழே பாதி பீரோ அளவில் ஒரு பெட்டி. கூரையிலுள்ள தகடுகள் வெயிலை வாங்கி அதற்குள் ஊற்றும். உள்ளே இருப்பது இதே ஊர் உப்பளத்து உப்பிலிருந்து எடுத்த சோடியம். எங்கோ ஒரு கம்பி அறுந்தால் ஊரே இருட்டில் கிடந்த காலம் போயிற்று. எலி வளையானாலும் தனி வளை என்று எல்லாரும் கைதட்டினார்கள். வாசல் எண்ணை வைத்ததுகூட நல்ல எண்ணத்தில்தான். புயல் நேரத்தில் எந்த வீட்டில் எத்தனை சதவீதம் மின் இருப்பு இருக்கிறது என்று மீட்புக்கு வருகிறவர்கள் வெளியிலிருந்தே தெரிந்துகொள்ளட்டும் என்று வைத்தார்கள்.

ஊர் அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டது. அரிசிப் பானையை அடிவரை வழிக்கக் கூடாது, உப்புச் சாடி காலியாகக் கூடாது, தீர்ந்துபோச்சு என்று வாயால் சொல்லவே கூடாது என்று வளர்ந்த ஜனங்கள். அவர்கள் கையில் ஒரு பெட்டி உப்பைக் கொடுத்து, அதில் எவ்வளவு இருக்கிறது என்று வாசலில் எழுதியும் வைத்தால் குறைய விடுவார்களா? வெயில் கூரையில் நிற்கும்போது மட்டும் ஏசி ஓடும், கிரைண்டர் சுற்றும். பொழுது சாய்ந்தால் ஒற்றை விளக்கு. அதற்கு அடியில் குடும்பமே விசிறியால் விசிறிக்கொண்டு வேர்த்து ஒழுகும். பக்கத்திலேயே பெட்டி நிறைய மின்சாரம், தொட மாட்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால் வாசல் எண்ணைப் பார்த்தார்கள். "நூறு வீட்டுப் பிள்ளை" என்றால் மறுபேச்சு கிடையாது.

"ஏட்டி கனி, வாசல்ல நின்னு என்ன பாக்க? உள்ள வா" என்றது லிங்கதுரையின் குரல். முகமூடிக்குள்ளிருந்து வந்ததால் அது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

சிமெண்ட் கிடங்கில் முப்பது வருஷம் தூசியைத் தின்ற நுரையீரல் அவருடையது. மூன்று மாதமாக மூச்சுத்துணைப் பொறிதான் அவருக்காக மூச்சு விடுகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் அது பூனைபோல் உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் அரை மணி நேரம் தாங்குவார், மிஞ்சிப்போனால் முக்கால் மணி என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேற்கே பெய்த மழையில் ஆறு பெருகிப் பாலம் தண்ணீருக்குள் போய்விட்டதால் ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. மூன்று நாளைக்கு வெயிலைப் பார்க்க முடியாது என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்டதும்தான் செல்வக்கனி கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.

"புயல் வந்தா வந்துட்டுப் போட்டும். அஞ்சு நாளைக்கு இந்தப் பொறி ஓடும்னு நீதான சொன்ன? நூறு இருக்குல்லா" என்றார் லிங்கதுரை. பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "நம்ம கலம் மாதிரி ஊருல எங்கயும் கெடயாது பாத்துக்க. முன்ன நெறையதுக்கு மத்தியானம் ஆவும். இப்பம் வெயில் ஏறி ஒரு மணி நேரத்துல நெறஞ்சிருது" என்றார்.

அதைத்தான் மாசி மாதம் போனிலும் சொல்லியிருந்தார். அப்போதும் இதே பெருமை.  அன்றைக்கு அவள், "நல்லதுண்ணே" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவள் அழுத அழுகையைச் சொன்னால் இந்தக் கதை முடியாது.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும். உப்புக்கலத்தை வடிவமைத்த நிறுவனத்தில் அவள் பொறியாளர். சீக்கிரம் நிறைவது நல்ல கலம் அல்ல. சின்னப் பாத்திரம்தான் சீக்கிரம் நிறையும்.

உப்புக்கலத்துக்குள் மின்சாரம் இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. உள்ளே இரண்டு கரைகள், நடுவில் ஒரு திரவம். சோடியம் அயனிகள் ஒரு கரையில் சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கும். வெயிலின் விசை அவற்றைப் பிடித்துத் தள்ளி, திரவத்தைக் கடக்கவைத்து, அக்கரையிலுள்ள கரித்தகட்டுக்குள் கொண்டுபோய் அடைக்கிறது. அங்கே அவற்றுக்கு இருப்புக்கொள்ளாது. வழி கிடைத்தால் திரும்பிவிடும். அவை திரவத்தின் வழியே திரும்பும்போது, அவற்றோடு போன எலெக்ட்ரான்களுக்கு அந்த வழி கிடையாது என்பதால், எலெக்ட்ரான்கள் வெளியே கம்பியில் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. வருகிற வழியில் விளக்கை எரிக்கும், விசிறியைச் சுழற்றும். சேமிப்பு என்று நாம் சொல்வதெல்லாம் வீடு திரும்பும் அந்தத் தவிப்பைத்தான்.

போக்கும் வரத்துமாக இருந்தால் கலம் நெடுங்காலம் வாழும். அக்கரையில் கழுத்துவரை அடைத்து, அசையவிடாமல், அதுவும் தூத்துக்குடி வெயிலில் வருஷக்கணக்கில் வைத்தால் திரவம் சும்மா இருக்குமா? கரியின்மேல் பாசிபோல ஒரு படலம் படியும். அதில் சிக்கிய அயனி சிக்கியதுதான். அது எந்தக் கரைக்கும் உதவாது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலத்தின் கொள்ளளவு குறைகிறது. ஆனால் வாசல் எண் குறையாது. அது சொல்வது சதவீதம். இன்றைக்குக் கலம் எவ்வளவு கொள்ளுமோ அதில் சதவீதம். அண்டா சுருங்கிச் செம்பாகிப் போனாலும், செம்பு நிறைய இருந்தால் நூறு என்றுதான் காட்டும்.

இது நடக்கக்கூடாது என்றுதான் முதலில் கலத்துக்குள் ஒரு காப்புத்தடை வைத்திருந்தார்கள். எழுபதுக்குமேல் நிறைய விடாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றைக்கு வாசலில் எழுபது என்றுதான் எண் இருந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, மிச்சம் முப்பது எங்கே என்று விசாரித்தார்கள். லிங்கதுரைக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏட்டி, இது என்ன, குடிபோவுத அன்னைக்கே கொறகுடம்?" என்று தங்கையைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"அதுதாண்ணே கலத்துக்கு நல்லது."

"கலத்துக்கு நல்லது இருக்கட்டும். எனக்கு நல்லதா இருக்கணும்லா?"

அப்பா செத்த பிறகு அவளைப் படிக்கவைத்தவர் அவர். அவள் கேட்ட எதற்கும் இல்லையென்று சொல்லாத மனிதர், அவளிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தாள். தடையை எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் மத்தியானம் வாசலில் நூறு வந்தது. அண்ணன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். எங்களுக்கும் நூறு வேண்டும் என்று தெருவே கேட்டது, பிறகு ஊரே கேட்டது. விற்பனை ஏறுவதைப் பார்த்த நிறுவனம், ஊர் முழுக்கத் தடையை எடுக்கச் சொல்லிவிட்டு அவளுக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. முழுதாக நிரப்பியே வைத்திருப்பது உகந்ததல்ல என்று கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் ஒரு வரி எழுதினாள். நாற்பத்தோராம் பக்கம்வரை யார் படிக்கிறார்கள்?

புயலுக்கு முந்தின அந்தக் காலைக்கு வருவோம். செல்வக்கனி பையிலிருந்து கொள்ளளவுமானியை எடுத்தாள். உள்ளங்கை அகலமுள்ள கருவி. கலத்தின் மூடியைத் திறந்து இரண்டு முனைகளில் மாட்டினால் அரை மணி நேரத்தில் உண்மையைச் சொல்லிவிடும். அண்ணி இந்திராணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"கனி, ஒண்ணு சொல்லட்டா? யாருட்டயும் சொல்லாத" என்றாள் மெதுவாக. "பொறி வந்ததுலேருந்து விடியக்காலம் பாத்தா வாசல்ல இருவதுல நிக்கி. வெயில் வந்து நெறயுத மட்டும் எண்ணு மேல ஒரு துண்டைப் போட்டு மூடிருவேன். வெளிய தெரிஞ்சா என்ன நெனப்பாவ?"

"ஏன் மதினி எங்கிட்டயாவது சொல்லக்கூடாது?"

"எட்டு மணிக்குள்ளதான் நூறாயிருதே."

கருவி சொன்னது: புதிதில் கொண்டதில் பதினொரு சதவீதம். புதிதில் ஐந்து நாள் தாங்கிய கலம், இனி இந்தப் பொறியைப் பதின்மூன்று மணி நேரம் ஓட்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அவள் சுற்றி வளைக்காமல் அண்ணனிடம் சொன்னாள். லிங்கதுரை வெகுநேரம் வாசல் பக்கமே பார்த்தார். அவருக்குப் புரிந்ததா, புரிந்தும் ஒப்பவில்லையா என்று தெரியவில்லை. "அப்பம் வேற வீட்டுக்குப் போணும். அவ்வளவுதான?" என்றார்.

இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, நாலு வீடு தள்ளி இருந்த கஸ்பார் மச்சாதின் வீடு. கஸ்பார் படகு மோட்டார் மெக்கானிக். படகுக்காரர்கள் சாயங்காலம் தங்கள் மோட்டார்ப் பெட்டிகளைக் கொண்டுவந்து அவர் கலத்தில் மின்னேற்றிக்கொண்டு போவார்கள். அதனால் அவர் வாசல் எண் அலைபோல ஏறும், இறங்கும். எழுபதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று அந்த வீட்டைக் காட்டித்தான் தெருவில் பழமொழி சொல்வார்கள். அன்றைக்கு அங்கே நாற்பத்து மூன்று.

இன்னொன்று சம்பந்தி ஆதிலிங்கத்தின் வீடு. லிங்கதுரையின் மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. மகளும் மருமகனும் மஸ்கட்டில் இருந்தார்கள். ஆதிலிங்கம் பெரிய கை. ஒரு கலத்துக்கு மூன்று கலம் வைத்திருந்தார். வாசலில் வரிசையாக நூறு, நூறு, நூறு.

"கஸ்பார் அண்ணாச்சி வீடுதாண்ணே பக்கம்" என்று செல்வக்கனி தொடங்கினாள்.

"நாப்பத்திமூணு வீட்டுல போயா நான் படுக்கணும்? மூணு நூறு வச்சிருக்காரு சம்பந்தி. அவுகளை விட்டுட்டு அங்க போனேன்னு தெரிஞ்சா மகளை என்ன பேசுவாவ?"

நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் அவள் உறுதியாக நின்றிருக்கவேண்டும். ஆனால் அவளும் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். கஸ்பாரின் கலம் எப்படியும் பழுதில்லாமல்தான் இருக்கும். ஆனாலும் நாற்பத்து மூன்று என்பது இரண்டு நாளைக்குக்கூட வராது. சம்பந்தியின் கலங்கள் வைத்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. பாதியாகச் சுருங்கியிருந்தாலும் மூன்றும் சேர்ந்தால் ஏழு நாள். புயல் மூன்று நாள். கணக்கு சரியாகத்தான் வந்தது. பாதி என்பது மட்டும் அவள் ஊகம். அளந்து பார்க்காமல் ஊகிக்காதே என்று தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு வருஷம் முழுக்கச் சொல்கிறவள் அவள்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வேன் பிடித்து, பொறியை அதன் சின்னக் கலத்தில் ஓடவிட்டபடி, முழங்கால் தண்ணீரில் ஊர்ந்து, ஊருக்கு மேற்கே இருந்த சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆதிலிங்கம் குடையோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க, வாங்க சம்பந்தி! இது ஒங்க வீடு. மூணும் நெறஞ்சி கெடக்கு, ஒரு மாசம் வேணும்னாலும் இருங்க" என்றார். நடு அறையில் கட்டில் போட்டு, பொறியைச் செருகியாயிற்று. அதோடு விட்டாரா? வந்திருக்கிறவர் சம்பந்தி; தங்கள் நிறைவை அவருக்குக் காட்டவேண்டாமா? வருஷக்கணக்காக இருட்டில் சாப்பிட்ட மனிதர், அன்றைக்கு வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டார். லிங்கதுரைக்கு வேர்க்கக்கூடாது என்று ஏசியையும் போட்டார். ஆதிலிங்கத்தின் மனைவி ஆட்டுரலை மறந்து கிரைண்டரில் இட்லிக்கு மாவரைத்தாள். வீடே கல்யாண வீடுபோல ஜொலித்தது.

செல்வக்கனி கையைப் பைக்குள் விட்டுக் கொள்ளளவுமானியைத் தொட்டுப் பார்த்தாள். அரை மணி நேரம் போதும். ஆனால் எப்படிக் கேட்பது? சம்பந்தி வீட்டுக்குப் போய், இலை போடுவதற்கு முன்னால், உங்கள் பானையில் சோறு இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கிறவர்கள் உண்டா?

"என்ன தங்கச்சி, பை கனமா இருக்கு? இங்க வைங்க" என்றார் ஆதிலிங்கம்.

"துணிமணிதான் அண்ணாச்சி" என்றாள் அவள்.

ஏசியை நிறுத்தச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு தடவை, "அண்ணனுக்குக் குளிருதோ என்னவோ" என்று பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தாள். லிங்கதுரையே, "இல்லட்டி, நல்லாருக்கு" என்று கையால் காட்டிவிட்டார். அன்று பகல் முழுக்க அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கெடுத்திருக்கவேண்டும். யாருடைய மனமும் நோகாமல் ஓர் உயிரைக் காப்பாற்றிவிடலாம் என்று அவள் நினைத்தாளே, அதுதான் தப்பு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் வாசலுக்கு வந்து பார்த்தபோது மழைக்குள் எண்கள் மங்கலாகத் தெரிந்தன. ஒன்பது, பூஜ்யம், பூஜ்யம். முந்தின நாள் சாயங்காலம் அவள் பார்த்தபோது முதல் கலம் எழுபதில் இருந்தது. மற்ற இரண்டும் நூறில் நின்றன. அவை இரண்டும் ராத்திரிதான் முதல் தடவையாகச் சேர்ந்து ஓடியவை; அதுவரை ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூடத் திறக்கப்படாதவை. நிறைத்துவைத்து, பூட்டி, பொட்டு வைத்துக் கும்பிட்டவை.

இப்போது யாரிடமும் கேட்காமல் மூடிகளைத் திறந்து கொள்ளளவுமானியை மாட்டினாள். பதினாறு, ஆறு, நாலு. அடைத்துவைத்த கலங்கள்தான் அதிகம் செத்திருந்தன. ஆதிலிங்கம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நூறு இருந்திச்சே தங்கச்சி. நேத்துகூட நூறு இருந்திச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

போன் கோபுரங்களும் உப்புக்கலத்தில் ஓடுபவைதான், அவையும் அடங்கிவிட்டிருந்தன. கஸ்பாரிடம் சொல்லச் சொல்லி, ராத்திரி அங்கேயே தங்கிவிட்ட வேன் டிரைவரை இடுப்பளவு தண்ணீரில் அனுப்பினாள். விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்தார்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எட்டே காலுக்கு வீட்டுக்கலம் அடங்கிப் பொறி தன் சின்னக் கலத்துக்கு மாறியது. வேனிலேயே பாதி தீர்ந்திருந்த அந்தக் கலத்தை யாரும் நிரப்ப நினைக்கவில்லை. ஒன்பதரைக்கு அதுவும் நின்றது. அதன் பிறகு பொறியோடு வந்திருந்த, கையால் அழுத்துகிற காற்றுப்பையை முகமூடியில் மாட்டி, செல்வக்கனியும் இந்திராணியும் ஆதிலிங்கமும் மாற்றி மாற்றி அழுத்தினார்கள். கை மரத்துப்போனது. பையிலிருந்து போகிற காற்று அந்த நுரையீரலுக்குப் போதவில்லை.

லிங்கதுரை தங்கையைப் பார்த்துக் கண்ணால் வாசலைக் காட்டினார். என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நூறு இருக்குண்ணே" என்றாள். "மூணுலயும் நூறு இருக்கு. பொறிதான் கோளாறு, இப்பம் சரியாயிரும்."

அவர் தலையை அசைத்தார். பத்து இருபதுக்கு மூச்சு நின்றது.

கஸ்பார் பதினொரு மணிக்கு வந்தார். தெருத் தண்ணீரில் நடந்து, இரண்டு மோட்டார்ப் பெட்டிகளைத் தார்ப்பாயில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார். அழுகைச் சத்தம் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நேத்து மத்தியானமே இதத் தூக்கிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வந்தேன் தாயி" என்றார் செல்வக்கனியிடம். "பூட்டிக்கெடந்திச்சி. மூணு நூறு உள்ள எடத்துக்குப் போயிட்டாவன்னு சொன்னாவ. அப்பம் நமக்கு என்ன வேலைன்னு திரும்பிட்டேன்."

அவள் அவர் காலடியில் தண்ணீரில் உட்கார்ந்து அழுதாள்.

வானிலைக்காரர்கள் சொன்னது தப்பு. புயல் வடக்கே திரும்பிவிட்டது. அன்று மத்தியானம் இரண்டு மணிக்குச் சுள்ளென்று வெயில் அடித்தது. கஸ்பாரின் வீட்டிலிருந்த இரண்டு நாள் மின்சாரமே போதும் என்று ஆகியிருக்கும். பாதி மிச்சம்கூட இருந்திருக்கும். சாயங்காலம் தண்ணீர் வடிந்து லிங்கதுரையை வெளியே எடுத்தபோது, ஆதிலிங்கத்தின் வாசலில் மூன்று கலமும் நிறைந்து நூறு, நூறு, நூறு என்று பச்சையாக எரிந்தன. பாடை அந்த எண்களுக்குக் கீழே குனிந்து போயிற்று.

பதினாறு நாள் கழிந்தது. நடந்ததையெல்லாம் செல்வக்கனி நிறுவனத்துக்கு எழுதினாள்; தன் பெயரையும் மறைக்கவில்லை. ஊரில் அப்படி இன்னும் ஒன்பது பேர் போயிருந்தார்கள். விசாரணை வந்தது, பழைய கலங்கள் போயின, தடையோடு புதுக் கலங்கள் வந்தன. தெருவில் கூட்டம் போட்டு அவளே நின்று விளக்கினாள். கலம் கொடுத்து வாங்கத்தான், பூட்டிவைக்க அல்ல என்று சொல்லும்போது எல்லாரும் தலையாட்டினார்கள். சிலர் அழுதார்கள்.

அண்ணியிடம் அவள் தனியாகச் சொன்னாள். "மதினி, அன்னைக்கு அந்தத் தடைய எடுத்தது நாந்தான்."

"தெரியும்" என்றாள் இந்திராணி. "ஒங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாவ. எந்தங்கச்சி எனக்காவக் கம்பெனி சட்டத்தையே மாத்துனான்னு."

செல்வக்கனிக்கு அதைவிடக் கன்னத்தில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது.

"ஒண்ணு கேக்கேன், கோவிச்சிக்கிடாத" என்றாள் அண்ணி பிறகு. "புதுக் கலத்துல எழுவதுன்னு காட்டுது. அவுக போனதோட வீடும் எறங்கிருச்சின்னுல்லா பேசுவாவ. தடைய எடுக்க வேண்டாம், எனக்கும் புரியுது. எண்ணை மட்டும் மாத்த முடியாதா?"

முடியும். எழுபது நிறைந்ததும் நூறு என்று காட்டச் சொல்ல வேண்டியதுதான். கலமும் சாகாது, அண்ணியும் நோகமாட்டாள். இதில் என்ன கெடுதல் என்று தன்னையே கேட்டுக்கொண்டு மாற்றிக் கொடுத்தாள். மறுநாள் எதிர்வீட்டுக்காரர் வந்தார். வாரக் கடைசிக்குள் தெரு முழுக்க வந்துவிட்டது. எவ்வளவு இறங்கினாலும் எண் நூறிலிருந்து அசையக்கூடாது என்று கேட்டார்கள், அதையும் செய்து கொடுத்தாள். எந்த வாசலிலும் எண்ணுக்கும் கலத்துக்கும் சம்பந்தமில்லை என்ற நிலை வந்தபோது, ஒரே ஒரு வீடு பாக்கி என்று நினைத்து அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். கஸ்பாரின் பழைய கலத்தை மாற்றத் தேவைப்படவில்லை; அவள் அளந்து பார்த்திருந்தாள்: பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் தொண்ணூறு. வாசலில் அன்றைக்கு என்ன உண்டோ அது.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் கஸ்பாரே வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"தாயி, ஒரு ஒதவி. மூத்த பிள்ளைக்கு ரெண்டு வரன் வாசலோட திரும்பிருச்சி. நாளைக்கு மணப்பாட்டுலேருந்து ஒரு எடம் வாராவ." அவர் தரையைப் பார்த்தார். "முப்பது இருந்தாலும் எழுவது இருந்தாலும், நம்ம வாசல்லயும் நூறுன்னு நிக்கிற மாதிரி செஞ்சி தருவியளா?"

"அண்ணாச்சி, படகுக்காரங்க ஒங்க எண்ணைப் பாத்துத்தான எவ்வளவு எடுக்கலாம்னு முடிவு பண்ணுவாங்க? கடல்ல பாதியில நின்னா?"

"நான் வாயால சொல்லிக்கிடுதேன் தாயி."

நீங்கள் இல்லாத நேரத்தில் யார் சொல்வார்கள் என்று அவள் கேட்கவில்லை. செத்த வீட்டுக்கு மழையில் இரண்டு பெட்டியைத் தலையில் சுமந்து வந்த மனிதரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?  மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தாள்.

மாற்றி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கஸ்பாரும் அவர் மகளும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். செல்வக்கனியும் சிரிக்க முயன்றாள். அவள் கண்ணுக்கெட்டியவரை தெருவின் இருபக்கமும் எல்லா வாசல்களிலும் நூறு நின்றது. அடுத்த புயலில் மூச்சுக்குத் தவிக்கிற யாரையாவது தூக்கிக்கொண்டு ஓடினால், இனி எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவளுக்கே தெரியாது.